எட்டு மணி அஞ்சலி

எட்டு இருபதுக்கு ஷெனாய் நின்றது. இன்றைக்கும் அக்கா சாகவில்லை. டம்ளரில் இருந்த காப்பியை ஒரே மடக்காகக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது, தினமும் ஆறித்தான் போகும், எட்டு மணிக்கு உள்ளூர் சேனலில் கண்ணீர் அஞ்சலி ஆரம்பித்தால் அது முடிகிற வரைக்கும் எனக்குத் தொண்டைக்குள் எதுவும் இறங்காது. ஒவ்வொரு போட்டோவாக வரும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடர் ஆடுகிற மாதிரி கம்ப்யூட்டரில் செய்தது. இன்றைக்கு நாலு பேர். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, புது ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் மனைவி, முப்பது வயசுகூட ஆகாத ஒரு பையன், ஐயோ பாவம், அப்புறம் யாரோ ஒரு பெரியவருக்கு முதலாம் ஆண்டு நினைவு. பெண் போட்டோ வந்தால் மட்டும் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடும். பெயரைப் படிப்பதற்கு முன்னால் மூக்கைப் பார்ப்பேன். அக்காவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, ஜவுளிக்கடை அம்மாவுக்கு ஒரு பக்கம்தான். அப்பாடா என்றிருந்தது. அந்த வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஒருத்தி உட்கார்ந்து அப்பாடா என்கிறாள், நன்றாக இருக்கிறது பிழைப்பு. பதினோரு வருஷமாக இதுதான் என் காலை. அக்கா என்னவோ அமெரிக்காவில் இல்லை, இதே கோவில்பட்டியில், இளையரசனேந்தல் ரோட்டில், ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதை நான் டிவி பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இதுதான் கடைசி நாள். பத்து மணிக்குத் தங்கமாரி வந்து கேபிள் பெட்டியைக் கழற்றப் போகிறான். எங்கள் பக்கத்துக்கெல்லாம் கேபிள் கொடுக்கிறவன் அவன், உள்ளூர் சேனலும் அவனுடையதுதான், இப்போது அவனே கேபிளை உருவிவிட்டு வைஃபை வயர் இழுத்துக்கொண்டிருக்கிறான். புனேயில் இருக்கும் என் மகன் கதிரேசன் அங்கிருந்தபடியே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டான், டிவியின் முதுகில் சொருகுவதற்கு ஒரு ஸ்டிக் பார்சலில் வந்துவிட்டது. "இனிமே நீ நெனச்ச நேரத்துக்கு நெனச்சதப் பாக்கலாம்மா, எட்டு மணிக்குன்னு காத்துக் கெடக்க வேண்டாம்" என்றான் போனில். நான் எதற்காகக் காத்துக் கிடக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, அம்மாவுக்கு உள்ளூர்ச் செய்திப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சரிடா என்றேன். சொன்னபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஷெனாய் இல்லாத காலை. சூடான காப்பி. வாக்கிங்கூடப் போகலாம், ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர் உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி போட்டுவிட்டாள் என்று பழைய பிள்ளைகள் சிரிக்காது. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது, அப்படியானால் அக்கா செத்தால் எனக்கு யார் சொல்வார்கள்? கையில் தேய்ப்பு நாருடன் அப்படியே நின்றேன். சொந்தக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தனக்கு ஒன்று என்றால் என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அக்கா ஒவ்வொருவரிடமும் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஊர் சின்னது, எப்படியும் காதுக்கு வந்து சேரும், ஆனால் எப்போது சேரும், சாயங்காலம் சேரும், எடுத்த பிறகு சேரும். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் கழுவி விட்ட வீட்டுக்குள் போய் நிற்பேன். அப்படி நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நின்றதில்லை, அக்காவை நிற்க வைத்திருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா இந்த வீட்டில்தான் செத்தாள், இதே ஹாலில்தான் கிடத்தியிருந்தோம், இப்போது டிவி ஸ்டாண்ட் இருக்கிற இடத்தில் தலைமாடு. அக்கா அப்போது நாக்பூரில் இருந்தாள், அவள் மகளுக்கு இரண்டாவது பிரசவம். தகவல் போனதும் ரயிலேறிவிட்டாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம், மறுநாள் ரயில் நாலு மணி நேரம் லேட், நாலரைக்கு மதுரையில் இறங்கிப் போன் பண்ணினாள், "கார் புடிச்சிட்டேன்ட்டி, வந்துட்டேன், வச்சிரு." வச்சிரு என்றாள். ஐந்தரைக்குச் சித்தப்பாக்களும் மாமாக்களும் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய சித்தப்பா உள்ளே வந்து, "ஆவுடை, பொழுது அடையப் போகுது. நாளைக்குச் சனிக்கிழமை, வச்சிருக்கக் கூடாது. நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எடுங்க என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். ஐஸ் பெட்டி இருந்தது, கரண்ட் இருந்தது, லைட் போட்டு எடுத்திருக்கலாம், வானம் இடிந்தா விழுந்திருக்கும்? நேரத்தின் மேல் பழி போட எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே அம்மாவுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாரோ முகமாக மாறிக்கொண்டிருந்தது, முடியட்டும், எல்லாம் சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்றிருந்தது. எடுத்து முக்கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. ஹாலைக் கழுவி விட்டிருந்தார்கள், ஈரத்தில் அக்காவுக்குக் கால் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்கட்டி அம்மா?" பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது, ஓடிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை அவளுக்கு. அழவில்லை. "ஒன் சாவுக்கு நான் வர மாட்டேன். என் சாவுக்கு நீ வரக் கூடாது" என்றாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்த காரிலேயே ஏறிப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் போனபோது பதினாறு நாளும் என் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள் அவள்.

"டீச்சர், மாடிச் சாவி" என்று தங்கமாரி கூப்பிட்டபோதுதான் அவன் வந்திருப்பதே தெரிந்தது, மணி பத்தடித்து எவ்வளவு நேரமாயிற்றோ. மேலே ஆன்டெனா கம்பம் இருக்கிறது, அதில்தான் கேபிள் வயரைச் சுற்றிக் கட்டியிருக்கிறான், அவிழ்க்க வேண்டுமாம். சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றேன். அந்தக் கம்பத்தை அப்பா நட்டார். மேலே இருந்த அலுமினியக் குச்சிகளைக் காக்காய் உட்கார்ந்து உட்கார்ந்து வளைத்துவிட்டது, கம்பம் மட்டும் கொடிக்கயிறு கட்ட உதவுகிறது. அப்போதெல்லாம் எங்களுக்கு இலங்கை டிவிதான் கிடைக்கும், அதுவும் காற்று வாகாக இருந்தால். நான் மேலே ஏறிக் கம்பத்தைத் திருப்புவேன், அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஜன்னலில் நின்று டிவியையும் மாடியையும் மாறி மாறிப் பார்ப்பாள். வருதா? வரல. இப்ப? வருது, வருது, போச்சு. இப்ப? ஆள் தெரியுது, தலை இல்ல. அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன், நான் சிரித்தால் கம்பம் ஆடும், கம்பம் ஆடினால் படம் போய்விடும், அப்பா உள்ளேயிருந்து கத்துவார். எதைப் பார்த்தோம் என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை. மேலேயிருந்து தங்கமாரி வயரைக் கீழே போட்டான், சுவரில் தட்டித் தட்டி வந்து விழுந்தது. முடிந்தது. நல்லதாகப் போயிற்று என்றும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்பதுதான் கொஞ்சம் கூடுதல்.

சாவுக்கு வர மாட்டேன் என்று அக்கா சொன்னது கோபத்தில் சொன்னது என்றுதான் எட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். என் சாவுக்கு அவள் வருவாளா மாட்டாளா என்று சோதித்துப் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும், எனக்குக் கிடைத்தது, எல்லாம் இந்தத் தங்கமாரி புண்ணியத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாசக் கடைசி, எனக்குப் பணி ஓய்வு. கதிரேசன் எனக்குத் தெரியாமல் என் போட்டோவைச் சேனலுக்கு அனுப்பி வாழ்த்துப் போடச் சொல்லியிருக்கிறான். சேனலில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளிடம் போட்டோவைச் சுற்றிப் போட இரண்டு சட்டம் இருக்கும், வாழ்த்துக்குப் பலூன் போட்டது ஒன்று, அஞ்சலிக்கு விளக்கு வைத்தது ஒன்று. அந்தப் புத்திசாலி என் போட்டோவைத் தூக்கி விளக்குக்கு நடுவில் வைத்துவிட்டான். எட்டு மணிக்குக் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், ஷெனாய் ஒலிக்கத் திரையில் நானே வந்தேன். ஆவுடைத்தாய், உடற்கல்வி ஆசிரியை. முதலில் தோன்றியது இதுதான், போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்புறம்தான் விளக்கு கண்ணில் பட்டது. எட்டரைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள், நான் கதவைத் திறந்ததும் வாயிலிருந்து கையை எடுக்காமலே நின்றாள். ஐஸ் பெட்டிக்காரன் போன் பண்ணிப் பெட்டி எப்போது வேண்டும் என்று கேட்டான். தலைமையாசிரியை ரோஜா மாலையோடு வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினாள், பழைய கபடி டீம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், ஒவ்வொருத்திக்கும் பிள்ளைகுட்டி ஆகிவிட்டது, தெருவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள், என்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக அழுதார்கள். ஒன்பதரைக்குத் தங்கமாரி மன்னிப்புக் கேட்க வண்டியில் வந்து இறங்கினான். வாசலில் நிறுத்தி வைத்து, மைதானத்தில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன், அவன் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். ஆனால் கத்துகிறபோதே என் கண் தெரு முக்கில்தான் இருந்தது. டிவியில் காட்டினானே, அவளும் பார்த்திருப்பாளே, வருவாள். பிணத்தைப் பார்க்கவாவது வருவாள். வரட்டும், வந்து என்னைப் பார்த்துத் திகைத்து நிற்கட்டும், அப்படியே கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறேன். சாயங்காலம் வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அன்றைக்கு ஒரு பாதி நிஜமாகவே செத்துத்தான் போனேன். அதற்கப்புறமும் விடாமல் காலை எட்டு மணிக்கு அவளைத் தேடினேன், நீ வராவிட்டால் போ, நான் வருவேன், நீ வேண்டாம் என்றாலும் வருவேன் என்று ஒரு வீம்பு.

தங்கமாரி ஸ்டிக்கைச் சொருகி டிவியைப் போட்டுவிட்டான். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்டேட் ஆகிறதாம், இருபது நிமிஷம் ஆகுமாம், அதுவரைக்கும் எதையும் தொடக் கூடாதாம். அவன் தரையில் உட்கார்ந்து நான் கொடுத்த மோரைக் குடித்தான். பழைய பெட்டி அவன் பைக்குள் போய்விட்டது. கேட்கக் கூடாது என்று இரண்டு நாளாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தங்கமாரி, நம்ம ஊரு சேனல் இதுல வராதா?"

"வராது டீச்சர். சேனலையே இந்த மாசத்தோட நிறுத்துதேன். எல்லாரும் வாட்ஸப்ல ஸ்டேட்டஸ் வச்சிருதாக, எனக்கு யாரு போட்டோ குடுக்கா?"

"அப்ப அந்த எட்டு மணிக்கு போடுவியே..."

"கண்ணீர் அஞ்சலியா?" என்று சிரித்தான். "என்ன டீச்சர், நேத்து ஒரு அம்மாவும் இதையேதான் கேட்டாக. போற வீட்ல எல்லாம் சீரியல் வருமா, கிரிக்கெட் வருமாங்காக. அவுக மட்டும், பெட்டிய கழட்ட விடாம புடிச்சுக்கிட்டு, அப்ப செத்தவுகள எதுல காட்டுவேங்காக. எனக்கு ஒரு ஆளப் பத்தித் தெரியணும், அது ஒண்ணுக்குத்தான் டிவியே வச்சிருக்கேன்னு கண்ணு கலங்கிட்டாக."

எந்த வீடு என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை, யாராவது ஒரு அம்மாவாக இருக்கும், ஊரில் எத்தனை அம்மாக்கள், எத்தனை சண்டைகள், நான் ஒருத்திதானா இப்படி, வேண்டாம், கேட்டு அது அவள் இல்லை என்று ஆகிவிட்டால் இன்னொரு தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அறுபத்து மூன்று, அவளுக்கு அறுபத்தேழு, இன்னும் எத்தனை வட்டம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எந்த வீட்டம்மா?"

"எளையரசனேந்தல் ரோட்டுல, பச்சை கேட்டு வீடு. செண்பகவல்லியம்மா. நம்ம வைஃபைதான் அங்கயும்."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவுகளா?"

"எங்க அக்கா" என்றேன். அவன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு ஒன்றும் கேட்காமல் நம்பரைச் சொன்னான், நல்லவன். அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அழுத்தினேன், நடுவில் ஒரு தடவை தப்பாக அழுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மணி அடித்தது. எடுக்க வேண்டாம் கடவுளே, எடுக்க மாட்டாள், தெரியாத நம்பரை எடுக்க மாட்டாள், நல்லது, அப்புறம் பார்க்கலாம், நாளைக்கு, என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே எடுத்துவிட்டாள்.

"யாரு?"

முப்பத்து நாலு வருஷம் மைதானம் முழுக்கக் கேட்ட என் குரல் எங்கே போயிற்றோ. காற்றுத்தான் வந்தது.

"யாருங்கேன்? பேசுங்க."

"அக்கா."

அந்தப் பக்கம் எதுவோ உருண்ட சத்தம், கிண்ணமாக இருக்கலாம். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி," என்றாள், "நல்லாருக்கியா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

எத்தனையோ நாள் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. மன்னிப்பு வரவில்லை, நல்லாருக்கேன் என்பதுகூட வரவில்லை. மூன்று வருஷமாக உள்ளே சிக்கிக்கொண்டிருந்ததுதான் முதலில் வந்து விழுந்தது, அதுவும் கோபமாக. "ஏங்க்கா அன்னைக்கு வரல? டிவியில நான் செத்துட்டேன்னு காட்டினானே, அன்னைக்குக்கூட வரலியே நீ."

"வந்தேன்."

"பொய் சொல்லாத. நான் நாள் பூரா வாசல்லதான் இருந்தேன்."

"வந்தேன்ட்டி. மாலையும் கையுமா வந்தேன். மிளகா மில்லு முக்குல ஆட்டோவ விட்டு எறங்குதேன், கால் தரையில பாவல, எப்படி அந்த வாசல மிதிக்கப் போறேன்னு நிக்கேன். அப்ப ஒன் சத்தம் கேக்கு. எவனையோ போட்டு வையுத. 'ஒன் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு'ங்க. ரெண்டு தெரு தாண்டிக் கேக்கு. அங்கனயே ரோட்டுல உக்காந்துட்டேன். ஆட்டோக்காரன் பயந்துட்டான். நான் சிரிக்கேன், அழுதேன், சிரிக்கேன்."

"அப்ப வந்து தொலைய வேண்டியதுதான? ரெண்டு தெருதான?"

"எந்த மொகத்த வச்சிக்கிட்டு வர? ஒன் சாவுக்கு வர மாட்டேன்னு சொன்னவ கையில மாலையோட நிக்கேன். உயிரோட இருக்கவ முன்னால போயி என்னன்னு சொல்ல? நீ நல்லா கத்து, கத்திக்கிட்டே இருன்னு திரும்பி ஆட்டோல ஏறிட்டேன்."

நான் எப்போது தரையில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, தங்கமாரி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டிருந்தான். வந்திருக்கிறாள். என் கத்தலைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். நான் தெரு முக்கைப் பார்த்துப் பார்த்துக் கத்தினேனே, அந்த முக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு மூக்கில் வந்தன, முந்தானையால் துடைத்தேன். இப்போது சொல்லாவிட்டால் இன்னொரு பதினோரு வருஷம் ஆகும், அத்தனை வருஷம் எங்களிடம் இல்லை.

"அக்கா, அம்மாவ நான் வச்சிருந்திருக்கணும்."

"ஆமா," என்றாள் அக்கா. "வச்சிருந்திருக்கணும்."

எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன் இதை. சித்தப்பா, நீ என்னம்மா செய்வ, பொழுது அடைஞ்சிட்டுது என்றார். பள்ளியில் கூட வேலை பார்த்தவர்கள், அதெல்லாம் விதி டீச்சர் என்றார்கள். கதிரேசன், விடும்மா, பழசு என்றான். எல்லாரும் என்னை நல்லவளாக்கி அனுப்பிவிட்டார்கள், செய்த தப்பை அப்படியே தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஆமா என்று சொல்ல உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் சொல்லிவிட்டாள், திட்டாமல், அழாமல், உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்கிற மாதிரி. அப்பாடா. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, இந்த வயசில் எழுந்து ஒரு ரவுண்டு ஓடலாம் போல இருந்தது.

"என்னட்டி சத்தத்தக் காணோம்?" என்றாள். "நான் வரட்டா, நீ வாறியா?"

"நான் வாரேன்."

செருப்பைத் தேடினேன், ஒன்று கிடைத்தது, ஒன்று நாற்காலிக்கு அடியில் கிடந்தது. டிவியில் வண்ண வண்ணமாகப் படங்கள் வந்து வரிசையாக நின்றன, தங்கமாரி ரிமோட்டை நீட்டி, "ரெடி டீச்சர், எதப் பாக்கணும்னு சொல்லுங்க, போட்டுக் காட்டிட்டுப் போறேன்" என்றான்.

"நீ பாத்துக்கிட்டு இருப்பா," என்றேன், "நான் எங்க அக்காவப் பாத்துட்டு வந்துருதேன்."